பதினெட்டுப் பக்கம் மிச்சம்

தேக்கங்காட்டின் நடுவே ஒரு குளம். குளக்கரையில் வனத்துறையினர் கைவிட்ட ஓய்வு விடுதி ஒன்று. விடுதிக்குள் ஐந்நூறு நாவல்கள்.

நாவல்கள் காட்டுக்கு வந்த கதை எளியது. தொலைவிலிருந்த ஊரில் வாடகை நூல் நிலையம் ஒன்று மூடப்பட்டது. நடத்தியவருக்கு நூல்களை எடைக்குப் போட மனம் வரவில்லை. வீட்டில் வைக்க இடமும் இல்லை. எல்லாவற்றையும் சாக்குகளில் கட்டி விடுதியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். விலங்குகள் சாக்குகளைப் பிரித்தன. அந்தக் காட்டில் எல்லாருக்கும் எழுத்துத் தெரியும். எழுத்துத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

குளத்து ஆமை வாவி படித்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்குமேல் அவளால் முடியாது. காலையில் கரையேறி, விடுதியின் உடைந்த சுவர் வழியாக உள்ளே நுழைவாள். மூக்கால் ஒரு பக்கத்தைப் புரட்டுவாள். அதை முழுதாகப் படிப்பாள். பிறகு அன்று முழுவதும் தண்ணீருக்கடியில் அந்தப் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் படித்தது துப்பறியும் நாவல்கள் மட்டுமே.

"ஆமை துப்பறிகிறது! கொலைகாரன் ஓடிப்போய்க் கிழவனாகிச் செத்த பிறகு பிடித்துவிடும்!" என்று கடுவன் குரங்கு கிளையில் தொங்கியபடி கேலி செய்யும்.

வாவி பதில் சொல்லமாட்டாள். அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைக் குரங்கிடம் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

ஒவ்வொரு கோடையிலும் அவள் கரையோர மணல்மேட்டில் குழி தோண்டி முட்டையிடுவாள், மண்ணை மூடுவாள், திரும்பிப் பாராமல் தண்ணீருக்குள் போய்விடுவாள். ஆமைகளின் வழக்கம் அது. அவளுடைய தாயும் அப்படித்தான் போனாள். முதல் மழையில் மண் இளகும், குஞ்சுகள் வெளிவரும். அந்தக் குளத்தில் எந்தத் தாயும் அதை நின்று பார்த்ததில்லை. தண்ணீரில் எதிர்ப்படும் இளம் ஆமைகளில் எது தன்னுடையது என்று வாவிக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பாள். அவை விலகிப் போய்விடும்.

அந்த ஆண்டு மேகங்கள் சீக்கிரமே திரண்டன. விடுதியின் கூரையில் ஓடு பாதி இல்லை; மரக்கிளைகள் உள்ளே நீண்டிருந்தன, தரையில் புல் முளைத்திருந்தது. மழை வந்தால் அத்தனை நூல்களும் நனைந்து கூழாகிவிடும். நனையாத இடம் ஒன்றே ஒன்று: மூலையில் நின்ற இரும்பு பீரோ. அதற்குள் நூறு நாவல்களுக்குத்தான் இடம்.

கரையான்களின் தலைவி ஓர் உடன்படிக்கையோடு வந்தாள். "நூற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்; பீரோவை நாங்கள் தொடமாட்டோம். மற்ற நானூறும் எங்களுக்கு!"

விலங்குகள் ஒப்புக்கொண்டன. எந்த நூறு என்று சொல்ல ஒரு நடுவர் வேண்டும். முள்ளம்பன்றி ஊசிநாதர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த நூலைப் பற்றியும் அவர் சிரித்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுவே பெரிய தகுதியாகக் கருதப்பட்டது.

ஊசிநாதர் வேலை செய்த முறை அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஒரு நாவலைக் கவ்விக்கொண்டு கதவுக்குப் பின்னால் போவார். ஒரு நெல்லிக்காயைத் தின்று முடிக்கும் நேரத்தில் தீர்ப்போடு திரும்பிவிடுவார்.

"வரலாற்று நாவல். விறுவிறுப்பு! மூன்றாம் பாகத்தில் குதிரைகள் அதிகம். பீரோவுக்குள்!"

"பேய் நாவல். வீட்டில் தனியாக இருக்கும்போது படிக்கவேண்டாம். கரையானுக்கு!"

"விஞ்ஞான நாவல். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆகவே உயர்ந்தது. பீரோவுக்குள்!"

"என்ன வேகம்! என்ன படிப்பு!" என்று மான்கள் உருகின.

இரண்டாம் நாள் அவர் ஒரு தடித்த குடும்ப நாவலோடு கதவுக்குப் பின்னால் போனார். வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக வந்தார். முகத்தில் சிறு குழப்பம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த நாவல் சொல்வது ஒன்றே ஒன்று. புதன்கிழமை பால் வேண்டாம்!"



"ஆகா!" என்றது கடுவன் குரங்கு. "வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? துறவு, ஐயா, துறவு!"

"எல்லா நாளும் அல்ல, புதன்கிழமை மட்டும். நுட்பம் அங்கேதான் இருக்கிறது!" என்றது மூத்த மான்.

நாவல் பீரோவின் மேல் தட்டுக்குப் போனது. உத்தரத்தில் உட்கார்ந்திருந்த மைனா துடுக்கி மட்டும் கழுத்தைச் சாய்த்து முள்ளம்பன்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை, வாவி படித்துக்கொண்டிருந்த நூல் நடுவரிடம் வந்தது. கைக்கடக்கமான சிறு நாவல். பெயர், 'பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு பிணம்'. அட்டையில் ஒரு துப்பாக்கி; துப்பாக்கிக்கு மேலே ஒரு பெண்ணின் ஒற்றைக் கண்.

ஊசிநாதர் கதவுக்குப் பின்னால் போகவே இல்லை. முதல் பக்கத்தை மட்டும் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினார். அங்கே யாரோ பென்சிலால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'கண்டக்டர்தான் கொலைகாரன்!'

"கொலைகாரன் யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இனி இது எதற்கு? கரையானுக்கு!"

"ஐயா, கொஞ்சம் பொறுங்கள்!" என்று வாவி முன்னால் வந்தாள். அவள் கூட்டத்தில் பேசியது அதுவே முதல் முறை. "எனக்குப் பதினெட்டுப் பக்கம் மிச்சம் இருக்கிறது. பீரோவில் விரற்கடை இடம் கொடுங்கள். பதினெட்டு நாளில் முடித்துவிடுவேன்."

"அம்மா, கொலைகாரன் கண்டக்டர். உனக்கு வேறென்ன தெரியவேண்டும்?"

"கொலைகாரன் யார் என்று நான் கேட்கவே இல்லையே, ஐயா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துப்பறியும் நாவலில் கொலைகாரனைத் தேடாத வாசகியை அவர்கள் கண்டதில்லை. கடுவன் குரங்கு சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து நழுவி மானின் மேல் விழுந்தது.

வாவி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்.

"இதில் குருவம்மா என்று ஒருத்தி வருகிறாள். பஸ் நிலையத்தில் கொய்யாப்பழம் விற்கிறாள். வறுமை தாளாமல் முன்பு ஒருநாள் தன் கைக்குழந்தையை அதே நிலையத்தில், ஒரு தூணடியில் விட்டுவிட்டுப் போனவள். போனவளால் இருக்க முடியவில்லை. திரும்பி வந்தாள், குழந்தை இல்லை. அன்றிலிருந்து நாள்தோறும் அந்தத் தூணடியிலேயே நிற்கிறாள். வந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்க்கிறாள். கொலையைப் பற்றிக் கேட்க வந்த துப்பறிவாளர் கடைசியில் அவளுடைய மகளையும் தேடத் தொடங்கிவிட்டார். கிடைத்தாளா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்."

"அது கிளைக்கதை!" என்றார் ஊசிநாதர். "குடும்பச் சோகம் வேண்டுமானால் குடும்ப நாவல் படி. சோகத்துக்கு அங்கே தனி அடுக்கே இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. துப்பாக்கி போட்ட அட்டையை வைத்துக்கொண்டு அழுவது வாசிப்பே ஆகாது!"

"குடும்ப நாவல்களில் தாய்மார் அழுகிறார்கள், ஐயா. இவற்றில்தான் தேடுகிறார்கள். காணாமற்போன ஒருவரை இன்னொருவர் கடைசிப் பக்கம்வரை தேடுகிறார். எங்கள் குலத்தில் யாரும் யாரையும் தேடியதில்லை."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை நிறுத்துவது வேறு, தீர்ப்பை மாற்றுவது வேறு. நடுவரை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை. நாவல் கரையான் குவியலில் போய் விழுந்தது.

மறுநாள் காலை துடுக்கி உத்தரத்திலிருந்து கூவினாள். "எல்லாரும் வாருங்கள்! நடுவரிடம் ஒரே ஒரு கேள்வி!"

விலங்குகள் கூடின. வானம் கறுத்திருந்தது.

"ஐயா, புதன்கிழமை பால் வேண்டாம் என்று சொன்ன நாவல் இருக்கிறதே, அதில் கதாநாயகியின் பெயர் என்ன?"

ஊசிநாதரின் முட்கள் சிலிர்த்தன. "பெயர்களில் நான் அக்கறை கொள்வதில்லை. சாரம்தான் முக்கியம்!"

"சாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"அதெல்லாம்... நூல் முழுவதும் பரவிக் கிடக்கிறது!"

துடுக்கி பறந்துபோய் பீரோவின் மேல் தட்டிலிருந்து அந்த நாவலைக் கீழே தள்ளினாள். கடைசித் தாளை அலகால் விரித்தாள். வாடகை நூல்களின் கடைசித் தாளில் படித்தவர்கள் தங்கள் கருத்தைக் கிறுக்கிவைப்பது வழக்கம். அந்தத் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பென்சிலில், அவசரக் கையெழுத்தில்: 'புதன்கிழமை பால் வேண்டாம்'.

"எவளோ ஒரு புண்ணியவதி ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் பால்காரருக்கு எழுதிய குறிப்பு!" என்றாள் துடுக்கி. "வரலாற்று நாவலின் கடைசித் தாளைப் பாருங்கள். 'மூன்றாம் பாகத்தில் குதிரைகள் அதிகம்'. விஞ்ஞான நாவலில், 'தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை'. நம் நடுவர் முந்நூறு தீர்ப்புகள் சொல்லிவிட்டார். ஒரு நாவலைக்கூடப் படிக்கவில்லை!"

துறவைப் போற்றிய குரங்கு மெல்ல ஓர் இலைக்குப் பின்னால் ஒளிந்தது. மான்கள் ஒன்றையொன்று பார்க்காமல் புல்லைப் பார்த்தன.

"படித்தவர்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்!" என்று ஊசிநாதர் சீறினார். "ஐந்நூறு நாவல்களை யாரால் படிக்க முடியும்? என் சிரிக்காத முகத்தைப் பார்த்து நடுவராக்கியது நீங்கள்தானே? 'படித்தீரா' என்று ஒருவராவது கேட்டீர்களா?"

அவர் சொன்ன ஒரே உண்மையான தீர்ப்பு அதுதான்.

அப்போது கூரையின் ஓட்டை வழியே முதல் துளி விழுந்தது.

"என் புத்தகம்!" என்றாள் வாவி.

எல்லாரும் குவியலுக்கு ஓடினார்கள். வாவியும் ஓடினாள், ஆமையால் ஓட முடிந்த அளவுக்கு. மைனா மேலிருந்த நூல்களை விலக்கினாள். குரங்கு கையை விட்டுத் துழாவி 'பதினேழாம் நம்பர் பஸ்'ஸை வெளியே இழுத்தது. துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் கண் இருந்தது. வாவி படித்த பக்கங்கள் எல்லாம் இருந்தன. பின்னட்டையும் அவள் படிக்காத பதினெட்டுப் பக்கங்களும் இல்லை. அங்கே ஈரமண் மட்டும் அப்பியிருந்தது.

"அந்தக் கடைசிப் பக்கங்களில் என்ன இருந்தது? தயவுசெய்து சொல்லுங்கள்!" என்று வாவி கரையான் தலைவியிடம் கெஞ்சினாள்.

"காகிதம் இருந்தது, அம்மா. கொஞ்சம் பசையும் இருந்தது," என்றாள் அவள், வன்மமே இல்லாமல். "எங்களுக்கு வரலாறு, குடும்பம், பேய் எல்லாம் ஒரே ருசிதான். அதனால்தான் எங்களை யாரும் நடுவராக்குவதில்லை."

மழை வலுத்தது. மற்றவர்கள் பேய் நாவல்களையும் பிற நாவல்களையும் அள்ளி, கதவிடுக்கிலும் மேசைக்கடியிலும் திணித்துக்கொண்டிருந்தார்கள். வாவி உடைந்த சுவரை நோக்கித் திரும்பினாள். வழியில் ஊசிநாதர் நின்றிருந்தார். முட்கள் படிந்திருந்தன.

"அம்மா," என்றார் மிகத் தணிந்த குரலில், "அந்தக் குருவம்மா... மகளைக் கண்டுபிடித்தாளா?"

தன் வாழ்நாளில் ஒரு நூலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியாது, ஐயா. பதினெட்டுப் பக்கம் மிச்சம் இருந்தது."

அவள் வெளியே போனாள். மழை அவள் முதுகோட்டின் மேல் கொட்டியது. குளம் பத்தடி தூரத்தில் அவளை அழைத்தது. முதல் மழையில் எந்த ஆமையும் தண்ணீருக்குத்தான் போகும். வாவி குளத்தில் இறங்காமல் மணல்மேட்டின் பக்கம் திரும்பினாள். விட்டுவிட்டுப் போன தாய் எங்கே வந்து நிற்கவேண்டும் என்பது, அவள் படித்து முடித்த பக்கங்களிலேயே இருந்தது.

மேட்டின் மேல் ஏறி நின்றாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும் பெய்தது. பிறகு மண் ஓரிடத்தில் வெடித்தது. அதிலிருந்து நகத்தளவு மூக்கு ஒன்று வெளிவந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு நாணயம் போன்ற சின்னஞ்சிறு ஓடுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. கால்கள் தடுமாறின. எழுந்தன. அவள் முன்னங்காலை உரசிக்கொண்டு, அவளைத் தாண்டி, சரிவில் உருண்டு, நேராகத் தண்ணீரை நோக்கிப் போயின.

ஒன்றுகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவை பார்க்கும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. குருவம்மா தூணடியில் நின்று பார்த்ததைப்போல, வாவி ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தாள். கடைசிக் குஞ்சு நீரில் இறங்கி வளையம் மறையும்வரை பார்த்தாள்.

ஒரு நாவலின் மதிப்பை அதன் அட்டையும் வகையும் அடுத்தவர் எழுதிய குறிப்பும் சொல்லிவிட முடியாது. தன் ஏக்கத்தோடு அதற்குள் போய், மாறி வெளியே வந்தவரே அதை எடைபோடத் தக்கவர்.