லார்ச் மரத்துக்கு வைத்த குறி

அந்தக் காலத்தில் மரத்துக்கு வாய் இருந்தது, மனிதனுக்கு அதைக் கேட்கும் காதும் இருந்தது. வடக்கே, பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் சைபீரியக் காட்டில் ஊசியிலை மரங்கள் எல்லாமே குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும். லார்ச்சும் அப்படித்தான் நின்றது. ஆனால் அந்தக் காட்டிலேயே சந்தேகம் பிடித்த மரம் அதுதான். இதமாகக் காற்று வீசினால்கூட, "உன்னை யார் அனுப்பினார்கள்?" என்று கேட்கும்.

ஒரு கோடை முடிவில் காட்டுக்காவலன் யெஃபீம் கோடரியோடு வந்தான். மரங்களை அண்ணாந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான். லார்ச்சின் பட்டையைச் சிறிது செதுக்கிக் குறி போட்டான். பக்கத்தில் நின்ற ஸ்ப்ரூஸ் மரத்துக்கும் அப்படியே ஒரு குறி. சுற்றியிருந்த மற்ற மரங்களில் குறி போடாமலே போய்விட்டான்.

லார்ச் ஸ்ப்ரூஸ் பக்கம் கிளையைச் சாய்த்தது. "பார்த்தாயா அக்கா? நமக்குக் குறி வைத்துவிட்டான். ஆறு உறைந்ததும் வெட்ட ஆள் வரும்."

"அவனிடமே கேட்டுவிடேன்" என்றது ஸ்ப்ரூஸ்.

"கோடரி வைத்திருப்பவன் உள்ளதைச் சொல்வானா? நீ வேண்டுமானால் நம்பிக்கொண்டு நில்."

முதுகு சொறிய வந்த கரடியை லார்ச் கூப்பிட்டது. "மாமா, இந்த இடத்தில் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்." கரடி தேய்த்த தேய்ப்பில் குறி அடையாளமில்லாமல் போனது. அப்போதும் லார்ச்சுக்கு மனம் ஆறவில்லை. செத்த மரத்தைப் பலகைக்கு யார் வெட்டுவார்கள் என்று யோசித்து, ஓட்டத்தில் இருந்த சாற்றையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. ஊசிகள் மஞ்சளாகிக் கொட்டின. குளிரில் மொட்டையாக நடுங்கினாலும் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டது.

ஆறு உறைந்தது. யெஃபீம் ஆட்களோடு வந்தான். "குறி போட்ட மரத்தில் கை வைக்காதீர்கள். அதெல்லாம் விதைமரம். அது நின்றால்தான் காடு திரும்ப முளைக்கும். மற்றதை வெட்டுங்கள்" என்றான்.

லார்ச் அவசரமாகத் தன் பட்டையைப் பார்த்தது. கரடி மயிர்தான் ஒட்டியிருந்தது. கத்தலாமா என்று நினைத்தது. இதுவும் தந்திரமாக இருந்தால்? வாயை மூடிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு மரமாகச் சாய்ந்தது. ஸ்ப்ரூசைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் லார்ச்சிடம் வந்தார்கள்.

"இது பட்டுப்போனது யெஃபீம், விறகுக்கு ஆகும்" என்று ஒருவன் கோடரியை இறக்கினான்.

"ஐயோ!" என்று அலறியது லார்ச். வெட்டில் பிசின் வழிந்தது.

யெஃபீம் ஓடிவந்து கோடரியைப் பிடித்தான். "உயிரோடா இருக்கிறாய்? உன்னைக் காப்பாற்றத்தானே குறி போட்டேன்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

லார்ச் சுற்றிலும் பார்த்தது. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவை எல்லாம் அடிக்கட்டைகளாகக் கிடந்தன.

"இந்த முறை குறி என்றால் விடு என்று அர்த்தம். அடுத்து வருகிறவன் குறி போட்டால் அதற்கு என்ன அர்த்தம்?" என்றது லார்ச்.

யெஃபீம் தலையைக் குனிந்துகொண்டான். லார்ச் அதன் பிறகு அவனிடம் பேசவேயில்லை. சுற்றி நின்றவர்களை வெட்டவைத்தவனிடம் ஸ்ப்ரூஸ் அக்காவும் பேசவில்லை.

பட்ட மரத்துக்கும் கோடரி விழும் என்று பார்த்த பிறகும் அதன் சந்தேகம் விடவில்லை. அன்று முதல்தான், அந்தக் காட்டு ஊசியிலை மரங்களில் லார்ச் மட்டும் குளிருக்கு முன்னால் ஊசிகளை உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல் நிற்கிறது. வசந்தத்தில் அது துளிர்க்கும்வரை, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டாலும் சொல்வதில்லை.