பாவாயிக்கு ஒரு பதிகம்

“எல்லாப் பாட்டும் இதுக்குள்ள இருக்கும்மா. எனக்குள்ளதான் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது” என்று செல்போனைத் தரையில் வைத்தார் பெரியண்ணன்.

வைத்தார் என்பது மரியாதைக்கு. அடித்தார் என்பதுதான் சரி.

கோயில் மண்டபத்தில் அவருக்கு எதிரே ஓதுவார் திலகவதி. அங்கே பதிகம் பாடுகிறவள். அவருடைய மகளைவிடச் சின்னவள்.

பெரியண்ணன் புகையிலை வியாபாரி. பேரத்தில் அவரை மடக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு பதிகம் மடக்கிப் போட்டுவிட்டது.

“ஓதுவாரம்மா, பதினோரு பாட்டும் வேணாம். அஞ்சுல முடிச்சுக்குவோம்.”

“பாடினவர் பதினொண்ணையும் பாடிட்டுப் போயிட்டாரே, ஐயா.”

“சரி, ஏழு. அதுக்கு மேல பேசாதீங்க.”

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. “யாருக்காக இப்படி மனப்பாடம் பண்றீங்க?”

அவருடைய குரல் சட்டென்று இறங்கியது.

“வீட்டுக்காரிக்கு. பாவாயிக்கு. வாதம் வந்து வாய் கட்டிப்போச்சு. முன்னெல்லாம் விடிஞ்சா அவ வாயில இந்தப் பதிகம்தான் இருக்கும். போன்ல போட்டுவிட்டா முகத்தைத் திருப்பிக்கிறா. சரின்னு நானே போனைப் பாத்துப் படிச்சேன். அதுக்கும் திருப்பிக்கிறா. அவ என்னைப் பாக்குறா, நான் அதைப் பாக்குறேன்…”



“முதல் பாட்டைச் சொல்லுங்க” என்றாள் திலகவதி.

இரண்டு வரி வந்தது. மூன்றாவது தொண்டையிலேயே நின்றுகொண்டது. கை செல்போனுக்குப் போயிற்று.

அவள் அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

அவர் காத்திருந்தார். அவள் வாயைத் திறப்பதாக இல்லை.

“சொல்லுங்களேன்! அதுக்குத்தானே வந்திருக்கேன்? ஊமைச்சாமி மாதிரி உக்காந்திருந்தா எப்படி?”

“நல்ல புகையிலைன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?”

“இது ஒரு கேள்வியா? இலை பக்குவப்பட்டுப் பாடம் வந்திருக்கணும்.”

“குடோன்ல அடுக்கி வச்சா வந்துடுமா?”

“நல்லா வருமே! அடுக்கினது அடுக்கினபடி கிடந்தா பூஞ்சைதான் பிடிக்கும். இலைப்போரைக் கலைக்கணும். மேல கிடக்கிறதைக் கீழ போடணும், உள்ள கிடக்கிறதை வெளிய எடுக்கணும். மறுபடி அடுக்கணும். மறுபடி கலைக்கணும். நெடி ஏறும், கண்ணுல தண்ணி கொட்டும், கை எரியும். அப்பத்தான் பாடம்…”

பெரியண்ணன் நிறுத்தினார்.

தரையில் கிடந்த செல்போனைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்து, திரையை அணைத்து, தூணுக்குப் பின்னால் தள்ளினார்.

“முதல் பாட்டைச் சொல்லுங்க” என்றாள் திலகவதி.

இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரவில்லை.

இந்த முறை அவர் கத்தவில்லை. அவளும் உதவவில்லை. பிராகாரத்தில் யாரோ கூட்டிப் பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து, வாலை மட்டும் காட்டும் ஓணான் மாதிரி ஒரு சொல் தென்பட்டது. விடாமல் பிடித்து இழுத்தார். வரி முழுதும் வந்து விழுந்தது.

துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நெடி” என்றார்.

அதன்பிறகு தினமும் வந்தார். நேற்று வந்த பாட்டு இன்று காணாமல் போகும். திட்டுவார். பதிகத்தைத் திட்டுவார், திலகவதியைத் திட்டுவார், தன் தலையிலேயே குட்டிக்கொள்வார். பிறகு தேடி எடுப்பார்.

ஒரு நாள் காலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கோயில் வாசலிலேயே நின்றார்.

“நேத்து அவகிட்ட உக்காந்து பாடிட்டேம்மா.”

“முழுசுமா?”

“எங்க! நாலாவது பாட்டுல முட்டிக்கிட்டு நின்னுட்டேன். போன் அடுத்த ரூம்ல கிடக்கு. எந்திரிச்சுப் போனா முகத்தைத் திருப்பிக்குவா. என்ன பண்றது? அவ கண்ணையே பாத்துக்கிட்டு, திருதிருன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“அப்புறம்?”



“அடுத்த வரியைப் பாவாயி எடுத்துக் குடுத்தா.”