பதினொரு மஞ்சாடி

மனிதர் பேச்சு பறவைக்கும், பறவை பேச்சு மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், தெற்குக் கடலுக்குள் ஒரு காந்த மலை நின்றது. புல்கூட முளைக்காத கன்னங்கரிய மலை. அதன் இழுப்பு ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. சில நாள் அடங்கிக் கிடக்கும். சில நாள் வெறிபிடித்தது போல் இழுக்கும்.

மலைக்கு இந்தப் பக்கம் புன்னைத்துறை. மீனுக்கும் உப்புக்கும் அங்கே குறைவில்லை, ஆனால் ஒரு பிடி நெல் விளையாது. மலையைக் கடந்து அக்கரைக்குப் போனால்தான் ஊரில் உலை கொதிக்கும். படகுகளோ இரும்பாணி அடித்த படகுகள். மலை வெறிகொண்ட நாளில் பக்கத்தில் போனால் ஆணிகளைப் பிடுங்கிக்கொள்ளும்.

அதனால் மலைக்கு எதிரே இருந்த மணல்திட்டில் சங்காயியைக் குடிவைத்திருந்தார்கள். படகோட்டி கருத்தானின் மனைவி அவள். கையும் கண்ணும் நிதானமானவள். ஒரு கொம்பில் நூல் கட்டி இரும்பாணியைத் தொங்கவிட்டிருப்பாள். மலை இழுக்க, ஆணி அந்தப் பக்கம் சாயும். ஆணியிலிருந்து இன்னொரு நூலை எதிர்ப்பக்கம் நட்ட கவட்டைக் குச்சியின் மேலே போட்டு, அதன் நுனியில் சின்ன ஓலைக்கொட்டான் கட்டி, குன்றிமணிகளை ஒவ்வொன்றாகப் போடுவாள். எத்தனை மணி போட்டால் ஆணி நேராக நிற்கிறதோ, அதுதான் அன்றைய இழுப்பு. பதினைந்துக்குள் இருந்தால் படகு போகலாம். மேலே போனால் கூடாது.

எண்ணைக் கரைக்குக் கொண்டுபோவது ஒரு ஆலாப் பறவை. அதற்கு ஒரு பறப்புக்கு ஒரு சொல்தான் நினைவில் நிற்கும். இரண்டு சொன்னால் கடல் நடுவில் ஒன்று தவறிவிடும். அதனால் சங்காயி எண்ணை மட்டும் சொல்வாள். அளப்பது எப்போதும் குன்றிமணியில்தான் என்பதால் எண்ணே போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டு மலை அடங்கவே இல்லை. பதினெட்டு, இருபது, பத்தொன்பது என்றே நாட்கள் போயின. புன்னைத்துறையில் நெல் தீர்ந்து, குழந்தைகள் தாழை வேரைச் சுட்டுத் தின்றன. ஒன்பது படகுகள் பாயைச் சுருட்டியபடி கரையில் காத்துக் கிடந்தன.

ஒரு காலையில் பெரிய அலை ஒன்று திட்டின் மேலேறி வந்து, குன்றிமணிப் பையை அள்ளிக்கொண்டு போய்விட்டது. சங்காயி மணலைக் கிளறிப் பார்த்தாள். ஒரு மணிகூட அகப்படவில்லை. அளக்காமல் இருக்கவும் மனம் வரவில்லை. கழுத்தில் கிடந்த மாலை நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று கருத்தான் தன் கையால் கோத்துப் போட்ட மஞ்சாடி விதை மாலை. குன்றிமணியைப் போலவே சிவப்பு, ஆனால் கறுப்புப் பொட்டு கிடையாது. எடையில் ஒரு மஞ்சாடி இரண்டு குன்றிமணி.

மாலையை அறுத்து விதைகளைப் போட்டாள். பதினொன்றில் ஆணி நேராக நின்றது.

"சீக்கிரம் சொல்லுக்கா, காத்து மாறுது. இப்பப் பறந்தாத்தான் கரை போய்ச் சேருவேன்" என்று ஆலா இறக்கையை அடித்தது.

எண்ணிக்கொண்டிருந்த வாய் எண்ணையே சொன்னது.

"பதினொண்ணு."

ஆலா பறந்துவிட்டது. கீழே விழுந்த விதைகளைப் பொறுக்கக் குனிந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு மஞ்சாடி என்றால் இருபத்திரண்டு குன்றிமணி. அவள் அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து மலை அந்த அளவு இழுத்ததே இல்லை. "ஏ ஆலா! திரும்பி வா!" என்று இடுப்பளவு நீரில் ஓடிக் கத்தினாள். காற்று அவள் குரலை அவள் முகத்திலேயே அறைந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஆலா திரும்பியது. கரை கொடுத்தனுப்பிய சொல்லைச் சொன்னது.

"புறப்பட்டாச்சு."

சங்காயி அதைக் கையில் ஏந்தினாள். 'இருபத்திரண்டு' என்று சொல்லியிருக்கலாம். 'திரும்பு' என்று சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லத் தவறிய அந்த ஒரு சொல்தான் அவள் மனதில் முள்ளாக நின்றது. அதுவே வாயில் வந்தது.

"மஞ்சாடி! போ, முதல் படகுல அவரு இருப்பாரு, அவருகிட்டச் சொல்லு. மஞ்சாடி!"

ஆலா களைப்பைப் பாராமல் பறந்தது. சங்காயி திட்டின் மேட்டில் ஏறி நின்றாள். பிற்பகலில் கடல் விளிம்பில் பாய்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணினாள். ஒரு வெள்ளைப் புள்ளி முதல் பாயின் மேல் வட்டமடிப்பதும் தெரிந்தது. சொல்லிவிட்டது, இனித் திரும்பிவிடுவார்கள் என்று மூச்சு விட்டாள்.

படகுகள் திரும்பவில்லை. முதல் படகில் சுருக்கியிருந்த பாயையும் விரித்தார்கள். அது முன்னைவிட வேகமாக வந்தது.

மலைக்கு நேரே வந்ததும் ஆணிகள் கழன்றன. குளவிக் கூட்டம் போல அவை மலையை நோக்கிப் பறந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். ஆணி போன பலகைகள் கைவிரித்தது போல் விலகிக்கொண்டன. ஆட்கள் பாய்மரத்தைப் பிடித்தார்கள், ஒருவரை ஒருவர் பிடித்தார்கள். பின்னால் வந்த படகுகள் துடுப்பை எதிர்த்துப் போட்டும் நிற்க முடியவில்லை. இரும்பு இருந்த இடமெல்லாம் மலை பிடித்து இழுத்தது. ஒன்பதாவது படகும் பிரிந்த பிறகு அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அறுபத்து மூன்று பேரில் நான்கு பேர் பலகையைப் பற்றித் திட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் கருத்தானின் படகில் துடுப்புப் போட்ட முத்திருளன். அவனைத் தோளைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஆலா வந்து சொல்லலையா?"

"சொல்லிச்சு மதினி. மஞ்சாடின்னு சொல்லிச்சு."

"அப்புறமுமா வந்தீங்க?"

முத்திருளன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அண்ணன் சிரிச்சாரு. 'நான் கோத்த மாலையைப் போட்டுக்கிட்டு எனக்காக நிக்கிறா, அதத்தான் சொல்லி விட்டிருக்கா'ன்னு சொன்னாரு. அவருதான் பாயை முழுசா விரிக்கச் சொன்னாரு."

சங்காயி வெறுங்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழுகை வரவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கட்டுமரங்களில் வந்து அவர்களைக் கூட்டிப்போனார்கள். கரையில் பெண்கள் நின்றார்கள். கணவனையும் இரண்டு அண்ணன்மாரையும் பறிகொடுத்த பேச்சி முன்னால் வந்தாள்.

"நீ என்ன சொல்லி அனுப்பினே?"

"பதினொண்ணு."

"எதுல பதினொண்ணு?"

அதுவரை யாரும் யாரிடமும் கேட்டிராத கேள்வி அது. சங்காயி மறைக்கவில்லை. "மஞ்சாடியில. தப்பு என்னோடது" என்றாள். யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. எல்லாரும் அவளைக் கடந்து கடலைப் பார்த்து நின்றார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பசி நிற்கவில்லை. மீண்டும் படகு கட்டினார்கள். அளக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். புதிதாகக் குன்றிமணிகளைப் பொறுக்கிக்கொண்டு, வழியனுப்ப ஆளில்லாமல் திட்டுக்குத் திரும்பினாள்.

பல நாள் கழித்து மலை அடங்கியது. ஆலா கரைக்கு வந்து "பதினாலு" என்றது. படகு கடலில் இறங்கத் தயாராக இருந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பேச்சி ஆலாவிடம் சொன்னாள்: "வெறும் எண்ணை இனிமே இந்தக் கரை காதுல வாங்காது. போய்ச் சொல்லு."

அவ்வளவு நீளமாக ஆலாவால் கொண்டுபோக முடியவில்லை. "வெறும்" என்ற ஒரு சொல்தான் திட்டுக்கு வந்து சேர்ந்தது. சங்காயிக்கு அது போதுமாக இருந்தது. ஆலாவை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல், இடைவெளி விடாமல், இரண்டையும் ஒரே சொல்லாக்கிச் சொல்லிக்கொடுத்தாள்.

"பதினாலுகுன்றி."

ஆலா அதைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. படகு புறப்பட்டது. நெல் வந்தது. சங்காயியோடு யாரும் கடைசிவரை பேசவில்லை.

குன்றியும் மஞ்சாடியும் போய், காந்தத்தின் வலிமையைக் காஸ் என்றும் டெஸ்லா என்றும் இப்போது அளக்கிறார்கள். ஒரு டெஸ்லா பத்தாயிரம் காஸ். எதில் அளந்தாலும், எண்ணை எழுதிய கை அதன் பெயரையும் எழுதிவிட்டுத்தான் ஓய்கிறது. வீட்டுக்கு வீடு ஒப்பாரி கேட்ட அந்த நாளிலிருந்துதான் அளவில் எண் தனியாகப் போவதில்லை.