தளவாய் அண்ணாச்சியின் நாடிக்கணக்கு

முக்கால்குளத்தில் நாற்பத்தொரு வீடுகள். அந்த ஊரில் அறிவாளிகளே இல்லை என்று சொல்வது தப்பு. நான்கு பேர் உண்டு. நடந்ததெல்லாம் அவர்களால்தான்.

வெள்ளிக்கிழமை தளவாயின் ஒரே மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். திங்கட்கிழமை பந்தக்கால் தூக்கும்போது அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. வெயிலுமுத்து, கோட்டைச்சாமி, பிச்சாண்டி, உச்சிமாகாளி என்ற அந்த நால்வரும் அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. விரல்களை மடக்கி முஷ்டியைக் காட்டினார்.

“இதயம் இவ்வளவுதான் இருக்கும். உள்ளே நாலு அறை. வலது பக்கத்து ரெண்டும் உடம்புல இருந்து வர்ற ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். அங்க சுத்தமாகி அது இடது பக்கம் வரும். இடது பக்கம் அதை உடம்பு முழுக்கத் தள்ளும். வழியில கதவு மாதிரி வால்வு இருக்கு. அது ஒரு பக்கமாத்தான் திறக்கும்.”

“ரத்தம் உள்ளே எதையாவது மறந்து வச்சிட்டு வந்துட்டா?” என்று கேட்டார் பிச்சாண்டி.

“திரும்ப முடியாது. முழுசா ஒரு சுத்து சுத்தித்தான் வரணும்.”

நால்வருக்கும் ரத்தத்தின் மேல் இரக்கமாகிவிட்டது.

“ஒவ்வொரு தடவை இதயம் தள்ளும்போதும் நாடி துடிக்கும். மணிக்கட்டுலயும் தெரியும், கழுத்துலயும் தெரியும், பாதத்துலயும் தெரியும். தினமும் காலையில ஒரு நிமிஷம் எண்ணுங்க. ஒரு துடிப்பைக்கூட விட்டுடாதீங்க. நூறுக்குக் கீழே இருந்தா கல்யாணத்துக்குப் போகலாம். தாண்டிச்சுன்னா நேரே இங்கதான் வரணும்.”

டாக்டரம்மாவைப் பார்த்துக் கோட்டைச்சாமியும் முஷ்டி மடக்கியிருந்தார். பிரித்தால் அளவு மறந்துவிடும் என்று மடக்கியபடியே வந்தார். ஒரு கை தவறினால் மறு கை இருக்கட்டும் என்று இரண்டையும் மடக்கியிருந்தார். அதனால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் மூன்று முறை விழுந்தார். வீட்டில் சோற்றைக் கண்ட பிறகுதான் விரல்கள் பிரிந்தன.

செவ்வாய்க்கிழமை காலை தளவாயை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒன்றைக்கூட விடக்கூடாது அல்லவா? வெயிலுமுத்து வலது மணிக்கட்டு, உச்சிமாகாளி இடது மணிக்கட்டு, பிச்சாண்டி கழுத்து, கோட்டைச்சாமி பாதம். வலது கையில் எழுபத்திரண்டு. இடது கையில் எழுபத்திரண்டு. கழுத்தில் எழுபத்திரண்டு. பாதத்தில் எழுபத்திரண்டு. கூட்டினார்கள். இருநூற்று எண்பத்தெட்டு.

“அண்ணாச்சி, கூடிப் போச்சு” என்றார் வெயிலுமுத்து.

“ஏலே, சரியா எண்ணுங்கலே! எம் பொண்ணு கல்யாணத்தை நான் பார்க்க வேண்டாமா?”

மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் இருநூற்று எண்பத்தெட்டு. முன்னதை விட்டுவிட முடியாதே; அதையும் சேர்த்தார்கள். ஐநூற்று எழுபத்தாறு.

“ரெண்டு நிமிஷத்துல இரட்டிப்பா ஏறிட்டுதே!” என்று அலறினார் பிச்சாண்டி. “இனிமே எண்ணாதீங்க வே. எண்ண எண்ண ஏறுது.”

தளவாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கோட்டைச்சாமி வண்டி பூட்டப் போனார்.

“நில்லுங்க வே” என்றார் உச்சிமாகாளி. “பந்தக்காலை ஒருத்தராத் தூக்கினாரு, நெஞ்சு அடிச்சுது. நாலு பேர் தூக்கியிருந்தா ஆளுக்குக் கால் பாரம்தானே? இதையும் பங்கு போடுவோம்.”

நால்வருக்குப் பங்கு போட்டதில் ஆளுக்கு நூற்று நாற்பத்துநான்கு வந்தது. அது போதவில்லை. பந்தல் போட வந்த இருவரைக் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு பேருக்குத் தொண்ணூற்றாறு. நூறுக்குக் கீழே! தளவாய் ஆறு பேரையும் கட்டிக்கொண்டார். புதனும் வியாழனும் இப்படியே பங்கு போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கல்யாண மண்டபத்தில் எண்ணினார்கள். இருநூற்று எண்பத்தெட்டு. ஆறு பேரும் பங்குக்குத் தயாராக நின்றார்கள்.

“நாம மட்டும் எடுத்துக்கிட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்றார் பிச்சாண்டி. “சம்பந்தி முறையில குறை வைக்கக் கூடாது.”

நியாயம்தான். மண்டபத்தில் தலைகளை எண்ணினார்கள். முந்நூற்று இருபது. பங்கு போட்டபோது ஆளுக்கு ஒன்றுகூட வரவில்லை. கடைசி முப்பத்திரண்டு பேருக்கு எதுவுமே இல்லை.

கோட்டைச்சாமி மற்ற மூவரையும் ஓரமாக இழுத்துக் கேட்டார்.

“ஒரு நிமிஷத்துக்கு ஒரு துடிப்புகூட இல்லேன்னா என்ன அர்த்தம்?”

“ஆள் போயாச்சுன்னு அர்த்தம்” என்றார் பிச்சாண்டி.

தளவாய் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பாவம், அவருக்கு இன்னும் தெரியாது” என்றார் வெயிலுமுத்து.

“தாலி கட்டுற வரைக்கும் யாரும் மூச்சு விடாதீங்க” என்றார் உச்சிமாகாளி. “பெண்ணோட அப்பா செத்துட்டாருன்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்.”

எட்டு மணிக்குத் தாலி ஏறியது. கெட்டிமேளம் ஓய்ந்ததும் நால்வரும் தளவாயைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போய், தோளில் கை வைத்து விஷயத்தைச் சொன்னார்கள்.

தளவாய் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“எப்ப ஆச்சு?”

“ஏழரைக்கு, அண்ணாச்சி.”

“சொல்லாம இருந்தீங்களே, நல்ல காரியம் பண்ணினீங்கப்பா. தெரிஞ்சிருந்தா நான் மணமேடை ஏறியிருக்கவே மாட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எம் பெஞ்சாதிக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

“நீங்க யாரும் போய்ப் பொசுக்குன்னு சொல்லிராதீங்க. அவளுக்கு மனசு தாங்காது. நானே போய்ப் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்.”