கைகாட்டி வண்டி

பேச்சியம்மாவுக்குப் பெயரில் மட்டும்தான் பேச்சு. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் வந்தால் அன்று கேட்டவருக்கு யோகம். புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டம் ஒன்றில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக இருந்தார். வயது நாற்பத்து நாலு. வந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுப்பார். உபதேசம் கொடுத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் தென்காசி குற்றாலிங்கம். தண்ணீர் மோட்டார் விற்கும் கடைக்காரர், அறுபத்திரண்டு வயது. சீடர் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். சீடர் குருவை ‘அம்மா’ என்பார், குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். இதில் இருவருக்குமே கூச்சம் இருந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை குற்றாலிங்கம் வந்து சாற்றை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“காரை விக்கவா, வேண்டாமா? சொல்லுங்கம்மா” என்றார்.

பேச்சியம்மா வாசல் பக்கம் பார்த்தார். கார் அங்கே நின்றிருந்தது.

கரும்பச்சை மோரிஸ் மைனர். பிறந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, அதாவது குற்றாலிங்கத்துக்கும் மூத்தது. கல்யாணமான மறு வருஷம் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வாங்கியது. வாங்கி முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. தென்காசியில் அதற்குக் ‘கைகாட்டி வண்டி’ என்று பேர். இந்தக் காலத்துக் கார்களில் திரும்பும்போது விளக்கு மினுக்குமே, அந்த வேலைக்கு இந்தக் காரில் கை இருந்தது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணில், பக்கத்துக்கு ஒன்றாய் மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சு நிறக் கை ஒன்று வெளியே நீளும். அதற்குள் ஒரு சின்ன பல்பும் எரியும். இடது பக்கம் திரும்பினால் இடது கை, வலது பக்கம் என்றால் வலது கை.

அந்தக் காரை அவர் வைத்திருந்த விதத்தை ஊரே கிண்டல் செய்யும். சாவியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். மெக்கானிக் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாலும், அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து இவரே ஓட்டிக் காட்டுவார். மனுஷன் காரைக் கட்டிக்கொண்டாரா, கட்டினவளைக் கட்டிக்கொண்டாரா என்று கடைத்தெருவில் கேட்பார்கள். கேட்டால் இவரும் சிரிப்பார்.

“விக்கறதுக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டார் பேச்சியம்மா.

“ரெண்டு வருசமா கடை படுத்துக்கெடக்கும்மா. வீட்ல உலகம்மாளுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. படியில எறங்குனா அவ முகத்தப் பாக்க முடியல. ஆபரேசன் பண்ணணும்ங்காவ. இன்சூரன்ஸ்ல வாரது போக மீதிக்கு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். கோயம்புத்தூர்ல ஒருத்தர் பழைய கார் சேக்கறவரு. நல்ல மனுசன். பத்திரமா வச்சுக்கிடுவாரு. ஞாயித்துக்கெழம வாரேன்னு சொல்லியிருக்காரு.”

“அப்ப குடுக்க வேண்டியதுதான?”

“அவ விட மாட்டேங்கா. எனக்காகத்தான் சொல்லுதா. காரு போனா இந்த மனுசன் படுத்துருவாருன்னு பயம் அவளுக்கு. அவளுக்கு வலிச்சுக்கிட்டு இருக்கறப்ப நான் காரை வச்சுக்கிட்டு இருந்தா நான் மனுசனா? ஆனா அவ பேச்சத் தட்டி வித்தா, அவ எனக்காகப் பொறுத்துக்கிட்டதுக்கு என்னம்மா மரியாத?”

பேச்சியம்மா குடிக்காத சாற்றை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, “அவங்க என்ன சொன்னாவ? சொன்ன வார்த்தையவே சொல்லுங்க” என்றார்.

“விக்கட்டுமான்னு கேட்டேன். இப்ப வேண்டாம்னா.”

“வேண்டாம்னாவளா, இப்ப வேண்டாம்னாவளா?”

குற்றாலிங்கம் யோசித்தார். “இப்ப வேண்டாம்னுதான் சொன்னா.”

“எத்தன தடவ கேட்டிய?”

“மூணு தடவ.”

“மூணு தடவையும்?”

“அதே வார்த்தைதாம்மா.”

“எங்க வச்சுக் கேட்டிய?”

“வீட்டு கேட்டுலதான். காலையில கடைக்குக் கெளம்புதப்ப. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, கண்ணாடிய எறக்கிக் கேட்டேன்.”

பேச்சியம்மா எழுந்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினார்.

“சாவியக் குடுங்க.”

குற்றாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரு கேட்டு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. “உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“பதினோரு வருசம் ஆம்புலன்ஸ் ஓட்டியிருக்கேன்.”

சாவி கை மாறியது. குற்றாலிங்கம் பக்கத்து சீட்டுக் கதவைத் திறக்கப் போனார்.

“நீங்க ரோட்ல நில்லுங்க” என்றார் பேச்சியம்மா.

அவர் போய் ரோட்டில் நின்றார்.

தோட்டத்துக்கு முன்னால் போகும் ரோடு நேராக மலையைப் பார்த்துப் போகும். ஒரு பர்லாங்கு தள்ளி ஒரு பம்ப்செட் கட்டடம், அங்கே இடது பக்கம் திரும்பும். காலை வெயில் மலையில் முழுசாக விழுந்திருந்தது. கார் புறப்பட்டது.

முதலில் அவருக்குப் பயம்தான் இருந்தது. கியர் மாறும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் பேச்சியம்மாவின் கையில் கியர் வெண்ணெயாக விழுந்தது. பயம் போனதும் அவர் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தச் சத்தத்தை அவர் முப்பத்தொரு வருஷம் கேட்டிருக்கிறார். ஆனால் அது காலுக்கடியிலிருந்து வரும் சத்தம், முழங்காலில் அதிரும் சத்தம். இப்போது அது தள்ளிப் போய்க்கொண்டே வந்தது. தள்ளிப் போகப் போக அதில் ஒரு கனிவு ஏறியது. இப்படி ஒரு குரல் இதற்கு உண்டா என்று அவர் அசந்துபோனார். எதிரே எலுமிச்சைக் கூடையோடு வந்த பெண்கள் இருவர் ஓரமாக நின்று, கார் தாண்டும்வரை பார்த்து, தாண்டிய பிறகும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இங்கிருந்தே தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் போன தெருவெல்லாம் முதுகுக்குப் பின்னால் இதுதான் நடந்துகொண்டிருந்ததா?

கார் சின்னதாகிக்கொண்டே போனது. அதன் முதுகு உருண்டு வளைந்து இறங்குவதை அவர் துடைத்துத் துடைத்து அறிந்தவர்தான். ஆனால் துடைக்கும்போது அது தகரம், பெயின்ட். ஓடும்போது அது வேறு என்னவோ. இரண்டு பக்கமும் பச்சைத் தோட்டம், எதிரே அத்தனை பெரிய மலை, நடுவில் யாருடைய உதவியும் இல்லாமல் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குற்றாலிங்கம் இல்லாமலேயே போய்க்கொண்டிருந்தது. அதில் வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது கூட்டத்தில் எல்லோரும் ஒரு நொடி மூச்சை நிறுத்துவார்களே, அப்படி நின்றிருந்தார்.

பம்ப்செட் கட்டடம் வந்தது. காரின் இடது பக்கத்திலிருந்து கை நீண்டது.

நின்ற காரில் அந்தக் கையை அவர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். எண்ணெய் போட்டு, பல்பு மாற்றி, நீள்கிறதா என்று தட்டிப் பார்த்திருப்பார். அது வேறு. ஓடுகிற கார் திரும்பப் போகிறேன் என்று தானாகச் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறார். ஆரஞ்சு வெளிச்சம் பகலிலும் துளியாகத் தெரிந்தது. ரோட்டில் பின்னால் வேறு ஒரு வண்டியும் கிடையாது, ஓர் ஆளும் கிடையாது. இவர் ஒருவர்தான். அந்தக் கை இவருக்காகத்தான் நீண்டது.

அவரை அறியாமல் அவர் கையும் கொஞ்சம் உயர்ந்தது.

கார் திரும்பி மறைந்தது. சத்தம் சற்று நேரம் தோட்டங்களுக்குள் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவர் அசையாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. பேச்சியம்மா சுற்றி வந்து காரைப் பக்கத்தில் நிறுத்தி இறங்கியபோது குற்றாலிங்கத்தின் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“அம்மா, இது இம்புட்டு அழகுன்னு எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாமலா முப்பத்தொரு வருசம் வச்சிருந்திய?”

“உள்ளேயே இருந்துட்டேன்.”

பேச்சியம்மா சாவியை அவர் கையில் வைத்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நீளமாகப் பேசினார்.

“நானும் அப்படித்தான். ஆம்புலன்ஸுக்குள்ள இருக்கறப்ப ஹாரன் மட்டும்தான் கேக்கும். ஒருநாள் லீவு. சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தேன். நிமிந்து பாக்கேன், என் வண்டி வருது, வேற ஆளு ஓட்டுதாரு. அம்புட்டு நெரிசல்லயும் ரோடு ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுச்சு. பூ விக்கிற அக்கா கட்டிக்கிட்டிருந்த சரத்தக் கீழ வச்சுட்டுக் கும்பிட்டாவ. உள்ள இருக்கற ஆளு யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. பதினோரு வருசமா என் பின்னால இது நடந்திருக்கு. எனக்குத் தெரியல.”

பேச்சியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க உள்ள இருந்திய, அண்ணாச்சி. வெளிய யாரு இருந்தாவ?”

யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் குற்றாலிங்கம். வாய் பாதியில் நின்றது.

தினமும் காலையில் உலகம்மாள் மூன்று படி இறங்கி கேட்டுக்கு வருவாள். கேட்டைச் சாத்தத்தான் வருகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். முட்டி வலி வந்த பிறகு, பாவம் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டில் ஸ்பிரிங் வாங்கி மாட்டினார். கார் வெளியே போனதும் கேட் தானாகச் சாத்திக்கொள்ளும். அப்புறமும் அவள் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். “அதான் ஸ்பிரிங் போட்டிருக்கேன்ல, எதுக்கு வார?” என்று அவர் எரிந்துகூட விழுந்திருக்கிறார். அவள் ஒன்றும் சொன்னதில்லை. வீட்டுத் தெரு முக்கில் கார் இடது பக்கம் திரும்பும்.

“ஸ்பிரிங் மாட்டினேம்மா” என்றார் அவர்.

ஸ்பிரிங் என்னவென்று பேச்சியம்மா கேட்கவில்லை.

“நாலாவது தடவ போய்க் கேளுங்க. இந்தத் தடவ கீழ எறங்கிக் கேளுங்க” என்றார்.

குற்றாலிங்கம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். கார் சத்தம் கேட்டு உலகம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். அவர் எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கினார். கேட்டைத் திறந்துகொண்டு போய் அவளுக்குக் கீழே, கடைசிப் படியில் நின்றார். காரை விட்டு இறங்கி அவர் இப்படி வந்து நிற்பது அவளுக்குப் புதுசு. “என்ன, உடம்புக்கு முடியலியா?” என்று பதறினாள்.

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விக்கட்டுமான்னு கேட்டப்ப, இப்ப வேண்டாம்னு சொன்னியே. ‘இப்ப’ன்னா என்ன அர்த்தம், உலகு?”

அவள் அவரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். சொல்லலாமா என்று தயங்குவது தெரிந்தது.

“நீங்க அதப் பாத்ததே இல்லியே” என்றாள்.

“எத?”

“அது போறத. தெனமும் நான் பாக்கேன். அந்த முக்குல திரும்பறப்ப ஒரு கை நீட்டும் பாருங்க. கல்யாணமான புதுசுல பாத்தப்ப எப்படி இருந்துச்சோ, இன்னைக்குக் காலையிலயும் எனக்கு அப்படியேதான் இருந்துச்சு. இம்புட்டு ஆசையா வச்சிருக்கிய, ஒருநாளு உங்களுக்கு அதப் பாக்கக் குடுத்து வைக்கலியேன்னு இருக்கும். வேற யாரையும் ஓட்ட விட மாட்டிய. பாக்காமலே குடுத்துட்டியன்னா, அப்புறம் எப்பப் பாப்பிய?”

குற்றாலிங்கம் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் அவளும் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். அவள் முட்டி மேல் அவர் கையை வைத்தார். உள்ளங்கைக்கு அடியில் அது சுட்டது.

“இன்னைக்குப் பாத்தேன்” என்றார்.

“நெசமாவா?”

“அந்த அம்மா ஓட்டுனாவ. நான் ரோட்ல நின்னேன்.”

உலகம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“கை நீட்டுச்சா?”

“நீட்டுச்சு.”

அவள் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப வித்துருங்க” என்றாள்.