சிறைக்கு வரிசை கட்டிய காடு

வேலாயி என்ற முள்ளம்பன்றி ராஜாவின் களஞ்சியத்தில் ஒரு கிழங்கைத் திருடிவிட்டாள். ஒரே ஒரு வள்ளிக்கிழங்கு! அதைப் பாதி தின்பதற்குள் காவல்தலைவன் விறைப்பாண்டி வந்து பிடித்துவிட்டான். விறைப்பாண்டி ஒரு கீரி. மீசையை முறுக்குவதிலேயே பாதிப் பொழுதைக் கழிப்பவன்.

அந்த வருஷம் காட்டில் மழை இல்லை. அத்தி காய்க்கவில்லை. மண் இறுகிப் பாறையாகக் கிடந்தது. ராஜா பூதப்பனின் களஞ்சியத்தில் மட்டும் கிழங்கும் கடலையும் தேனடையும் கூரையைத் தொட்டன. பூதப்பன் ஒரு கரடி. கெட்டவன் இல்லை. வயிறு நிறைந்தவன், அவ்வளவுதான்.

"என் காட்டில் திருட்டா! போடு சிறையில்!" என்று உறுமினான்.

சிறை என்பது மலையடிவாரத்தில் ஒரு குளுகுளு குகை. ராஜாவின் கைதி பட்டினியால் செத்தால் ராஜாவுக்குத்தானே அவமானம்? அதனால் காலையில் கடலை, மாலையில் கிழங்கு கொடுத்தார்கள்.

சில நாளில் வேலாயியின் கன்னம் உப்பிவிட்டது. உள்ளிருந்து பாட்டுச் சத்தம் வேறு!

வெளியே ஒட்டிய வயிற்றோடு நின்ற முயல் தத்தப்பன் அதைக் கேட்டான். நேரே விறைப்பாண்டியிடம் ஓடினான்.

"அண்ணே, என்னைப் பிடிச்சு உள்ளே போடுங்க! நான் திருடிட்டேன்!"

"என்னடா திருடினே?"

"இன்னும் திருடலை. போற வழியில ஏதாவது எடுத்துக்கறேன். நீங்க முதல்ல எனக்கு ஒரு இடம் போட்டு வையுங்க!"

செய்தி பரவியது. அடுத்த நாள் சிறை வாசலில் வரிசை அத்திமரம் வரை நீண்டது. ஒரு மான் ராஜாவின் ஆசனத்தையே தூக்கிக்கொண்டு போய், "எடுத்தது நான்தான். மூங்கில் புதருக்குப் பின்னால் காத்திருக்கிறேன், சீக்கிரம் வாருங்கள்" என்று ஆள் அனுப்பியது. "எனக்குத் திருடவே தெரியாதே!" என்று ஒரு மயில் அழுதது. "அழாதே தங்கச்சி, கத்துத் தர்றேன்!" என்று குரங்கு ஒன்று மரத்தடியில் வகுப்பே தொடங்கிவிட்டது.

விறைப்பாண்டி யோசித்தான். 'காவல்காரனுக்கு ஒரு வேளைச் சோறு. திருடனுக்கு இரண்டு வேளை. நான் என்ன முட்டாளா?'

தன் தடியைத் தானே திருடினான். தன் காதைத் தானே பிடித்தான். "நடடா கழுதை!" என்று தன்னையே அதட்டிக்கொண்டு சிறைக்குள் நுழைந்தான்!

பூதப்பனுக்குத் தலை சுற்றியது.

"தண்டனை போதவில்லை! அதனால்தான் திருடுகிறார்கள்! எல்லாரையும் வெளியே துரத்து! இனிமேல் சிறையும் இல்லை, சோறும் இல்லை. திருடினால் கழுகுப்பாறை உச்சியிலிருந்து உருட்டிவிடு!"

"ஒரே ஒரு கடலை எடுத்தாலுமா, ராஜா?" என்று கேட்டான், மறுபடி வேலைக்கு வந்துவிட்ட விறைப்பாண்டி.

"ஒரே ஒரு கடலை எடுத்தாலும் உருட்டு!"

காடு நடுங்கியது. சில நாள் களஞ்சியத்துப் பக்கம் ஓர் எறும்பு கூடப் போகவில்லை. ஆனால் வயிறு சும்மா இருக்குமா?

தத்தப்பன் மெல்ல உள்ளே நுழைந்தான். ஒரு கடலையை எடுத்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஒரு கடலைக்கும் உருட்டுதான். ஒரு மூட்டைக்கும் அதே உருட்டுதான். அப்புறம் ஒண்ணோட நான் ஏன் நிறுத்தணும்?"

மூட்டையை இழுத்தான். மானிடம் சொன்னான். மான் குரங்கிடம் சொன்னது. ஒரே மத்தியானத்தில் களஞ்சியம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது!

"யார் எடுத்தது?" என்று பூதப்பன் கர்ஜித்தான்.

போன வாரம் எடுக்காததைக்கூட எடுத்தேன் என்று சொன்னவர்கள், இப்போது வாய் நிறையக் கடலையோடு, "களஞ்சியமா? அது எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்கள்.

வாரியது எத்தனை நாள் வரும்? அதுவும் தீர்ந்தது. ராஜாவிலிருந்து முயல் வரை எல்லாருக்கும் பட்டினி.

பூதப்பனுக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது. முதலில் யாரோ வயிற்றுக்குள் உட்கார்ந்து பிறாண்டுகிறார்கள் என்று நினைத்தான். பிறகு கீழ்க்காட்டுக்குப் போய் மண்ணைத் தோண்டினான். நகம்தான் ஒடிந்தது. மண் அசையவில்லை.

பக்கத்தில் வேலாயி. விடியலில் இருந்து தோண்டி, விரல் பருமனில் ஒரு கிழங்கை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தாள். பூதப்பன் பார்த்தான். நாக்கில் எச்சில் ஊறியது. கை தானாக நீண்டது. லபக்!

"ஐயோ! திருடன்! திருடன்!" என்று வேலாயி சிலிர்த்தாள். பூதப்பனின் உள்ளங்கை முழுக்க முள்!

"பிடிச்சிட்டேன்!" என்று பாய்ந்து வந்த விறைப்பாண்டி, பிடித்த கையைப் பார்த்துவிட்டுத் திருதிருவென விழித்தான். "ராஜா... சட்டம்... நீங்கதானே..."

"தெரியுமடா" என்று முனகினான் பூதப்பன்.

காடே ஊர்வலமாகப் புறப்பட்டது. குரங்குகள் குட்டிக்கரணம் போட்டன. கழுகுப்பாறை உச்சியில் ராஜாவை நிறுத்தினார்கள். அவன் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு கத்தினான்.

"நான் திருடன் இல்லை! பசி தாங்கலை. கை தானாகப் போச்சு!"

"எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் போச்சு, ராஜா" என்றாள் வேலாயி.

பூதப்பன் தலை குனிந்தான். கீழே காடு முழுவதும் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஓர் இடம் நீலமாகப் பளபளத்தது. அவன் குளிப்பதற்காக ஓடையை மறித்துக் கரை கட்டிய குளம் அது! அங்கே தினமும் விழுந்து புரண்டவன், அதை மேலே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அந்தத் தண்ணி கீழே வந்தா மண்ணு இளகுமா, வேலாயி?"

"பஞ்சா இளகும். தோண்டின கைக்குக் கிழங்கு வரும். அப்புறம் உசிரைப் பணயம் வெச்சு உங்க களஞ்சியத்துக்கு யாரு நடப்பா?"

"அதெல்லாம் சரி, இவரை உருட்டறதா இல்லையா?" என்று கத்தினான் தத்தப்பன். "இவ்வளவு உயரம் ஏறி வந்திருக்கேன்!"

"உருட்டிட்டா கரையை யாரு உடைப்பா? உன் பல்லாலயா?" என்றாள் வேலாயி. "உடைச்சுட்டு வந்து, என்கிட்ட எடுத்த கிழங்குக்குப் பதிலா ஒரு கூடை தோண்டிக் கொடுக்கட்டும்."

பூதப்பன் விழுந்தடித்து இறங்கினான். முள் குத்திய கையாலேயே கரையை உடைத்தான். தண்ணீர் திமிறிக்கொண்டு ஓடியது. விறைப்பாண்டி மீசை வரை நனைந்தான். மான்கள் சேற்றில் சறுக்கி விளையாடின. மயில் மழை என்று நினைத்து ஆடியே விட்டது!

பிறகு காட்டில் புதிய சட்டம் வந்தது. தோண்டியவனுக்கே கிழங்கு. திருடினால், திருடு கொடுத்தவரின் நிலத்தில் போய்த் தோண்ட வேண்டும். சின்னத் திருட்டுக்குக் கொஞ்சம், பெரிய திருட்டுக்கு நிறைய.

திருட்டு அடியோடு நின்றுவிடவில்லை. வகுப்பு எடுத்த குரங்கு ஒருநாள் ஒரு தேனடையைத் தூக்கிவிட்டது. இடுப்பு ஒடியத் தோண்டிவிட்டுத் திரும்பி வந்து, "திருட்டு ரொம்பக் கஷ்டமான உத்தியோகம்டா! நமக்குன்னு கிழங்கு தோண்டறதே சுகம்!" என்று தன் மாணவர்களிடம் சொல்லி வகுப்பைக் கலைத்தது.

பசித்தவனுக்குப் பிழைக்க வழி திறக்காமல் தண்டனையை மட்டும் கூட்டினால், அதோடு சேர்ந்து திருட்டும்தான் கூடும்.