விழுந்த கோலும் விழாத கோலும்

"ஆசானே, பனந்துறைக்குக் கோல் விழாம நின்னதுக்கு யாரு காரணம்? நானா, கிளமென்டா?"

ஜெரோன் கேட்டான்.

தொபியாஸ் ஆசான் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். அவர் கால்பந்து ஆடிய காலத்தில் அவரைத் தாண்டிப் பந்து போனதில்லை என்பார்கள். அவர் ஒரு கோல்கூட அடித்ததில்லை என்றும் சொல்வார்கள். ஜெரோனும் கிளமென்டும் அவரிடம்தான் கால் பழகினார்கள்.

"சாப்பிட்டியா?" என்றார் ஆசான்.

"இல்ல. தொண்டையில எறங்கல."

"அப்போ விஷயம் பெரிசுதான். சொல்லு."

ஜெரோன் வரப்பில் உட்கார்ந்தான்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் பனந்துறை அணிக்குக் கிளமென்ட்தான் கோச். சல்லடையில் தண்ணீர் ஊற்றினதுபோல் கோல் விழுந்தது. ஊர் மன்றத்தார் அவனை நிறுத்திவிட்டு, துபாயிலிருந்து திரும்பி வீட்டிலிருந்த ஜெரோனைக் கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு கோல் நின்றது. எதிரணிகள் வந்து முட்டின, திரும்பின. ஈஸ்டர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அணி போனது. அங்கே கடைசி நேரத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தது. கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது.

கோப்பை போனாலும் ஊர் தடுப்பாட்டத்தைப் பற்றித்தான் பேசியது. இப்படி ஒரு சுவரை யார் கட்டியது?

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மன்றம் கூடுது ஆசானே. சுவரைக் கட்டினவன் எவனோ அவன் கையில அடுத்த வருஷம் அணின்னு சொல்லுதாங்க. கிளமென்டும் திரும்பக் கேக்கான். நான் வலை வளைச்சேன், ஜெரோன் கரையில நின்னு மீனைப் பொறுக்கினான்னு சந்தை வரைக்கும் சொல்லிட்டு நடக்கான். என் பொண்டாட்டிகிட்டயே ஒருத்தி கேட்டுருக்கா."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"எங்கிட்ட வந்து, அது நெசமாங்கன்னு கேட்டா."

ஆசான் சிரித்தார். ஜெரோன் சிரிக்கவில்லை.

"எனக்கு இந்த அணியை விட்டா வேற ஒண்ணும் இல்ல ஆசானே. காலையில எந்திரிக்கிறதே அதுக்குத்தான்."

"சரி. நீ என்ன செஞ்ச?"

"பின்னால நிக்குத நாலு பேரையும் ஒரே வரிசையா முன்னால ஏறவும் பின்னால எறங்கவும் பழக்கினேன். டார்வினை நடுவுல நிப்பாட்டினேன்."

"கிளமென்ட் என்ன செஞ்சான்?"

"ரெண்டு வருஷம் மணல்ல ஓட வச்சான்."

"மணல்ல ஓடாத காலு ஏறி எறங்குமா?"

ஜெரோன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏறி எறங்கத் தெரியாதவன் மணல்ல ஓடி என்ன செய்ய?"

ஜெரோன் தலையை நிமிர்த்தினான். "அப்போ நான்தானே?"

ஆசான் ஒரு களையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறினார்.

"அந்த ஒரு கோல் விழுந்துச்சே, அது யாருது?"

"ஷிபினுது," என்றான் ஜெரோன். "கீப்பர் அவன்தானே? கைக்கு வந்த பந்து. நழுவ விட்டுட்டான்."

"இதுக்கு உனக்கு யோசிக்கவே வேண்டி வரலியே."

ஆசான் களையை வரப்பில் எறிந்தார்.

"போ. அந்தக் கோலுக்குச் சொந்தக்காரனைப் பாத்துட்டு வா. பொறவு உன் கேள்விக்கு வருவோம்."

"பாத்துத்தான் இருக்கேனே ஆசானே. தினமும் பாக்குத பயதானே."

"நீ பாத்துருக்க. கேட்டியா?"

*

ஷிபின் கடற்கரையில் படகின் நிழலில் படுத்திருந்தான். கோச்சைக் கண்டதும் எழுந்து மணலைத் தட்டினான். பக்கத்தில் டார்வினும் வலதுபக்கம் தடுக்கிற ஜெனிஷும் இருந்தார்கள். தோற்ற நாளிலிருந்து மூவரும் ஒன்றாகத்தான் திரிகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

"ஷிபினே, அந்தக் கோலு..."

"என்னுதுதான் அண்ணே," என்றான் ஷிபின். "பந்து கையில பட்டுச்சு. நான் பிடிச்சிருக்கணும்."

"லேய், நீ சும்மா கெட," என்றான் டார்வின். "அடிச்சவன் என் ஆளு அண்ணே. நான் பந்தைப் பாத்துட்டு அவனை விட்டுட்டேன். அவ்வளவு பக்கத்துல வந்து அடிச்சா இவன் என்ன, இவன் அப்பன் வந்தாலும் பிடிக்க முடியாது."

"எங்க அப்பனை ஏன்ல இழுக்க?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கல," என்றான் ஜெனிஷ். "நான் மேல ஏறிப் போயிட்டு எறங்கவே இல்ல. அந்த ஓட்டை வழியாத்தான அவன் வந்தான்? அது என் கோல்."

"ஒன் கோலா? நீ அந்தப் பக்கத்துலயே இல்லியே!"

"அதைத்தானல சொல்லுதேன். இல்லாததுதான் தப்பு."

டார்வின் ஜெனிஷின் சட்டையைப் பிடித்தான். ஷிபின் நடுவே புகுந்தான். மூவரும் அந்தக் கோலுக்காக மணலில் தள்ளிக்கொண்டார்கள்.

ஜெரோன் நின்று பார்த்தான்.

போன வருஷம் இவர்கள் ஆடியதையும் அவன் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு கோல் விழும்போதும் பின்னால் நிற்கிற நாலு பேரும் கையை நீட்டுவார்கள். ஒருவன் கை அடுத்தவனைக் காட்டும். ஷிபின் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று நாலு பேரையும் காட்டுவான். கைகாட்டி மரங்கள் மைதானத்துக்கு வந்துவிட்டன என்று கூட்டம் கூவும்.

"இது எப்போலேருந்து?" என்று கேட்டான்.

"எது அண்ணே?"

"இந்தச் சண்டை. என்னுது என்னுதுன்னு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கிளமென்ட் சாரை நிறுத்தின அன்னைக்கு," என்றான் டார்வின். "அவருகிட்ட மன்றத்துல கேட்டாங்க. யாரால கோல் விழுது, ஒரு பேரைச் சொல்லும், அவனைத் தூக்கிட்டு உம்மை வச்சுக்குதோம்னு. நாங்க ஜன்னலுக்கு வெளிய நின்னோம்."

"எங்க பேருதான் வரும்னு ஆளாளுக்குப் பயந்துட்டு நின்னோம்," என்றான் ஜெனிஷ்.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. செருப்பை மாட்டிட்டு வெளிய வந்தாரு. எங்களைப் பாத்து, என்னல இங்க நிக்கிய, வீட்டுக்குப் போங்கன்னாரு."

"அவரு இதை யாருகிட்டயும் சொல்லலியே!" என்றான் ஜெரோன்.

"அதை அவரு எங்க சொல்லுதாரு? மணல்ல ஓட வச்சதைல்லா சொல்லிட்டு நடக்காரு," என்றான் ஷிபின்.

*

ஜெரோன் திரும்பி வந்தபோது ஆசான் அடுத்த வரிசைக்குப் போயிருந்தார்.

"பாத்தியா?"

"ஒருத்தனைத் தேடிப் போனேன். மூணு பேரு நிக்காங்க. ஷிபின், டார்வின், ஜெனிஷ். விட்டுக்கொடுக்க மாட்டேங்குதாங்க."

"மூணு பேருதானா?"

"மூணு பேருதான்."

"நானும் ஆட்டம் பாத்தேன். கடைசி நேரத்துல ஜெனிஷ் எதுக்கு மேல ஏறினான்?"

ஜெரோன் மெல்ல வரப்பில் உட்கார்ந்தான்.

கோட்டுக்கு வெளியே நின்று, தொண்டை கிழிய, ஏறு லே ஏறு என்று தான் கத்தியது அவனுக்குக் கேட்டது. ஜெனிஷ் தயங்கித் திரும்பிப் பார்த்தது தெரிந்தது; அதற்குப் பிறகும் தான் கத்தியது கேட்டது.

ஆசான் களை பறித்துக்கொண்டிருந்தார்.

ஜெரோனும் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினான். "அப்போ சுவரு? அது கிளமென்ட் கட்டினதா ஆசானே?"

"மரச்சீனி இருக்கு. வேக வச்சுத் தாரேன், தின்னுட்டுப் போ. பசியில ஆளு வெளுத்துப் போயிருக்க."

*

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் நிற்க இடமில்லை. ஜன்னல்களிலும் தலைகள் இருந்தன. கிளமென்ட் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தலைவர் அருளப்பன் எழுந்தார்.

"சுருக்கமாச் சொல்லிருதேன். கிறிஸ்துமஸுக்குப் பொறவு கோல் விழாதது ஜெரோனோட திறமை. கடைசியில ஒண்ணு விழுந்தது ஷிபினோட கை. கீப்பரை மாத்துவோம், கோச்சை வச்சுக்குவோம். ஜெரோனே, சம்மதம்தானே?"

ஜெரோன் எழுந்தான். சம்மதம் என்ற ஒரு சொல்தான் மிச்சம். அணி அவன் கைக்கு வந்துவிடும்.

ஜன்னலில் ஷிபினின் தலை தெரிந்தது. அது குனிந்திருந்தது.

"தலைவரே, விழாத கோலு யாராலன்னு எனக்குத் தெரியாது," என்றான் ஜெரோன். "விழுந்த கோலு யாருதுன்னு தெரியும். அது என்னுது."

"என்னது?"

"ஜெனிஷை ஏறச் சொன்னது நான். அவன் திரும்பிப் பாத்தான். திரும்பவும் சொன்னேன். கோப்பை போனது என்னால. ஷிபினைத் தொடாதீங்க."

யாரோ பின்னால், "மண்டையில அடிபட்டுருக்கோ?" என்று முணுமுணுத்தார்கள்.

அருளப்பன் நெற்றியைத் துடைத்தார். "ஜெரோனே, இது கோச்சு பேசுத பேச்சா? கோப்பையைத் தொலைச்சது நான்தான்னு சொல்லுதவன் கையில எப்படிவே அணியைக் குடுக்க?"

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கிளமென்ட் எழுந்து நின்றான். எல்லோரும் திரும்பினார்கள். இதோ அணியைக் கேட்கப்போகிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

"தலைவரே, அவன் சொல்லுதது பாதிதான் சரி," என்றான் கிளமென்ட். "ஏறு லேன்னா யோசிக்காம ஏறுத காலை ஜெனிஷுக்குப் பழக்கினது நான். ரெண்டு வருஷம் கத்திக் கத்திப் பழக்கினேன். எறங்கப் பழக்கல. அந்தக் கோலுல பாதி என்னுது."

"பாதி கிடையாது," என்றான் ஜெரோன். "முழுசும் என்னுது."

"வே, நான் அவனைச் சின்னப் பயலா இருக்கும்போதே பிடிச்சு..."

"நான் அன்னைக்குக் கத்தலேன்னா அவன் போயிருக்கவே மாட்டான்!"

ஜன்னலிலிருந்து ஜெனிஷ், "ரெண்டு பேருதும் இல்ல, என்னுது!" என்றான். டார்வின் அவன் வாயைப் பொத்தினான். கூட்டம் சிரித்தது. அருளப்பன் மேசையைத் தட்டினார்.

"போதும்வே, போதும்! கோலைப் பொறவு பங்கு வையுங்க. இப்போ அணியை யாருக்குக் குடுக்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஜெரோன் கிளமென்டைப் பார்த்தான்.

"அணியை வேணும்னா அவனுக்குக் குடுங்க தலைவரே," என்றான். "கோலைத் தர மாட்டேன்."